ரம்மி ஆடுகிறவர்களுக்கு ஹோல்டெம் போக்கர்: முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ரம்மியும் மூணு சீட்டும் தெரியாத தெரு கிடையாது. பள்ளி விடுமுறை, கல்யாண வீட்டு இரவு, திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் கூடும் நாள் என்று எதாவது ஒரு சாக்கில் ஜமுக்காளத்தின் நடுவே சீட்டுக்கட்டு வந்துவிடும். ஓசூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் பிள்ளைகள் இப்போது அதே ஜமுக்காளத்தில் டெக்சாஸ் ஹோல்டெம் ஆடுகிறார்கள். பார்க்க மூணு சீட்டு மாதிரி இருப்பதால் பெரியவர்களும் துணிந்து உட்கார்ந்து, அரை மணியில் எல்லாவற்றையும் இழந்துவிட்டு எழுகிறார்கள்.

காரணம் எளிது. ரம்மியில் கெட்ட சீட்டை இழுத்து மாற்றலாம். ஹோல்டெமில் வந்த இரண்டு சீட்டு வந்ததுதான்; மிச்சம் ஐந்தும் மேஜை நடுவில், எல்லோருக்கும் பொது. ஆகவே எந்தச் சீட்டு வந்தது என்பதைவிட, எந்த இருக்கையில் இருக்கிறோம், அடுத்த சீட்டைப் பார்க்க என்ன விலை கொடுக்கிறோம் என்ற இரண்டும்தான் ஆட்டத்தைத் தீர்மானிக்கின்றன. இந்த வழிகாட்டி அந்த இரண்டையும் சுற்றித்தான் போகும்.

முதலில் சட்டம்

காசு வைத்து ஆடாதீர்கள். 1930-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. திறமை ஆட்டங்களுக்கு அதில் விலக்கு உண்டு என்பது உண்மைதான். மாந்தோப்பில் வட்டமாக உட்கார்ந்து பிடிபட்டவர் அந்த விவாதத்தை ஸ்டேஷனில் நடத்திக்கொண்டிருக்க முடியாது. ஆன்லைன் கதை வேறு. தமிழ்நாடு அரசு கொண்டுவந்த தடைச் சட்டம் ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது, அவை திறமை ஆட்டங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதையும் விட்டுவைக்கவில்லை.

புளியங்கொட்டை வைத்து ஆடினால் ஆட்டத்தின் ருசி கொஞ்சமும் குறையாது. ஆனால் கடைசியில் கொட்டையை எண்ணிக் காசாக மாற்றிக்கொண்டால் அதுவும் பணம் வைத்த ஆட்டமேதான்.

எங்கிருந்து வந்தது

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ராப்ஸ்டவுன் என்ற சிறு ஊரை இதன் பிறப்பிடமாக அந்த மாநிலச் சட்டமன்றம் 2007-ல் அங்கீகரித்தது. 1960-களில் லாஸ் வேகாசுக்குப் போன ஆட்டம், 1970-ல் தொடங்கிய உலகப் போக்கர் தொடரால் பேர் வாங்கியது. பெரிய திருப்பம் 2003. கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் 86 டாலர் கட்டி ஆன்லைன் தகுதிப் போட்டி ஆடி, அதன் வழியாகப் பிரதான போட்டிக்குப் போய் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அந்த ஆண்டு 839 பேர் ஆடினார்கள். 2006-ல் 8,773 பேர். 2024-ல் 10,112 பேர். தொலைக்காட்சியில் ஆட்டக்காரரின் மறைந்த சீட்டைப் பார்வையாளருக்குக் காட்டும் கேமராவுக்கும் இந்தப் பரவலில் பெரிய பங்கு உண்டு. யார் பொய் சொல்கிறார் என்று வீட்டிலிருந்தே தெரிந்துவிட்டால் யார்தான் சேனலை மாற்றுவார்கள்?

தேவையான சாமான்

ஒரே ஒரு கட்டு, ஜோக்கர் நீக்கி 52 சீட்டு. ரம்மிக்கு இரண்டு கட்டு கலந்து வைத்திருப்பீர்கள். அதிலிருந்து பிரித்தால் ஆடும் முன் நான்கு இனமாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் 13 இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கிளாவர் ராஜா உள்ளே போய்விட்டால் அது கடைசிச் சீட்டில்தான் தெரியவரும், அதற்குள் பாதிக் கொட்டை நடுவில் கிடக்கும். காகிதச் சீட்டு சித்திரை வேர்வையில் முனை மடங்கும். மடங்கிய முனை முதுகிலிருந்தே சீட்டைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் பிளாஸ்டிக் சீட்டு நல்லது.

வெறும் சிமெண்டுத் தரையில் சீட்டை எடுக்க நகத்தால் கிளப்ப வேண்டியிருக்கும். பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடுவார். ஜமுக்காளமோ போர்வையோ விரியுங்கள். மின்விசிறி நேர் மேலே வேண்டாம்.

ஆறு பேருக்குக் கணக்கு இது. புளியங்கொட்டை ஒன்றுக்கு 1, சோடா மூடி ஒன்றுக்கு 5, பெரிய சட்டைப் பொத்தான் ஒன்றுக்கு 25 என்று மதிப்பு. ஒவ்வொருவருக்கும் 20 கொட்டை, 16 மூடி, 4 பொத்தான், கூட்டினால் 200. மொத்தம் 120 கொட்டை, 96 மூடி, 24 பொத்தான் வேண்டும். கொட்டையைக் கழுவிக் காயவைத்துவிடுங்கள்; புளி ஒட்டியிருந்தால் சீட்டு பிசுபிசுக்கும். சீட்டு போடுபவரின் இடத்தைக் குறிக்க ‘பட்டன்’ ஒன்று தேவை. கேரம் ஸ்ட்ரைக்கர் அதற்குக் கச்சிதம்.

எந்தக் கை பெரியது

ஏழு சீட்டிலிருந்து (கையில் 2, நடுவில் 5) சிறந்த ஐந்தை எடுக்க வேண்டும். பெரியதிலிருந்து சிறியது:

ஒரே இனத்தில் வரிசையாக ஐந்து (ஏஸ் முதல் 10 வரை வந்தால் ராயல்) – நான்கு ஒரே எண் – மூன்று ஒரு எண், இரண்டு இன்னோர் எண் (ஃபுல் ஹவுஸ்) – ஒரே இனத்தில் ஐந்து (ஃப்ளஷ்) – வரிசை (ஸ்ட்ரெயிட்) – மூன்று ஒரே எண் – இரண்டு ஜோடி – ஒரு ஜோடி – எதுவும் இல்லாத பெரிய சீட்டு.

மூணு சீட்டு ஆடியவர்கள் சண்டை போடும் இடம் ஒன்று இதில் உண்டு. அங்கே வரிசை கலரை (ஒரே இனச் சீட்டுகள், அதாவது ஃப்ளஷ்) வெல்லும். இங்கே கலர் வரிசையை வெல்லும். கிடைப்பது எவ்வளவு அரிதோ அவ்வளவு மதிப்பு என்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை. மூன்று சீட்டில் வரும் 22,100 சேர்க்கைகளில் சாதா வரிசை 720, சாதா கலர் 1,096. அதனால் வரிசை உயர்வு. ஐந்து சீட்டில் வரும் 25,98,960 சேர்க்கைகளில் வரிசை 10,200, கலர் 5,108. அதனால் கலர் உயர்வு. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் நடு ஆட்டத்தில் குரல் உயராது.

இன்னும் மூன்று விஷயம். ஏஸ்-2-3-4-5 வரிசைதான், ஆனால் மிகச் சிறிய வரிசை. மூணு சீட்டில் ஏஸ்-2-3-க்குத் தரும் மரியாதை இங்கே இல்லை. குயின்-கிங்-ஏஸ்-2-3 என்று சுற்றிவரும் வரிசை செல்லாது. நான்கு இனமும் சமம், ஸ்பேட் பெரியது என்பதெல்லாம் இல்லை. ஐந்து சீட்டும் எண்ணில் சமமானால் குவியலை (நடுவில் சேர்ந்த பந்தயம்) பாதி பாதியாகப் பிரிக்க வேண்டும். ஒற்றைப்படையாக ஒரு கொட்டை மிஞ்சினால் பட்டனுக்கு இடப்பக்கம் முதலில் வருபவருக்கு.

ஒரு சுற்று எப்படி நடக்கும்

பட்டன் ஒருவர் முன் இருக்கும். அவருக்கு இடப்பக்கம் முதல் ஆள் 1 (ஸ்மால் பிளைண்ட்), அடுத்தவர் 2 (பிக் பிளைண்ட்) சீட்டைப் பார்க்காமலே வைக்க வேண்டும். குலுக்கி, வெட்டி, ஸ்மால் பிளைண்டில் தொடங்கி ஒவ்வொன்றாக இரண்டு சுற்றுப் போட வேண்டும்.

பிக் பிளைண்டுக்கு அடுத்தவர் முதலில் பேசுகிறார். கவிழ்க்கலாம் (ஃபோல்ட்), 2 வைத்துத் தொடரலாம் (கால்), ஏற்றலாம் (ரெய்ஸ்). ஏற்றினால் குறைந்தபட்சம் 4 ஆக்க வேண்டும். அதன் பிறகு ஒருவர் ஏற்றிய அளவுக்குக் குறையாமல்தான் அடுத்தவர் ஏற்ற முடியும்: 2-ஐ ஒருவர் 6 ஆக்கினால் ஏற்றம் 4, அடுத்த ஏற்றம் 10-க்குக் குறையக் கூடாது. எல்லோரும் சமமாக வைத்ததும், அல்லது மற்றவர் கவிழ்த்ததும், அந்தக் கட்டம் முடிந்தது.

பிறகு மேல் சீட்டு ஒன்றைப் பார்க்காமல் ஒதுக்கிவிட்டு, மூன்று சீட்டை மலர்த்த வேண்டும் (ஃப்ளாப்). பந்தயம். மறுபடி ஒன்றை ஒதுக்கி நான்காவது (டர்ன்). பந்தயம். மறுபடி ஒதுக்கி ஐந்தாவது (ரிவர்). கடைசிப் பந்தயம். ஃப்ளாப் முதல் எல்லாக் கட்டத்திலும் பட்டனுக்கு இடப்பக்கம் மிச்சமிருக்கும் முதல் ஆள்தான் முதலில் பேச வேண்டும், பட்டன் கடைசியில். யாரும் பந்தயம் வைக்காதவரை எதுவும் வைக்காமல் ‘செக்’ சொல்லி நகரலாம். மேல் சீட்டை ஒதுக்குவது எதற்கென்றால், அதன் முதுகில் அடையாளம் இருந்து யாராவது கவனித்திருந்தாலும் பயன்படாமல் போகட்டும் என்றுதான்.

கடைசிக் கட்டத்தில் கடைசியாகப் பந்தயம் ஏற்றியவர் முதலில் காட்ட வேண்டும். யாரும் வைக்காவிட்டால் பட்டனுக்கு இடப்பக்கத்திலிருந்து. கை முடிந்ததும் பட்டன் ஒருவர் இடப்பக்கம் நகரும்.

இரண்டே பேர் ஆடினால் மட்டும் விதி மாறும்: பட்டன் உள்ளவரே ஸ்மால் பிளைண்ட், ஃப்ளாப்புக்கு முன் அவர் முதலில், பின் கடைசியில்.

ஒரு கையை முழுசாகப் பார்ப்போம்

பட்டன் சென்றாயனிடம். முனிராஜ் 1, பெருமாள் 2 வைத்தாயிற்று. அடுத்து கோவிந்தன், மாதேஷ், லட்சுமி.

கோவிந்தன் கவிழ்த்தார். மாதேஷ் கையில் ஸ்பேட் ஏஸ், ஆர்ட்டின் குயின், 6 ஆக்கினார். லட்சுமி கவிழ்த்தார். சென்றாயன் கிளாவர் 9, 8 வைத்துக்கொண்டு 6 போட்டார். முனிராஜ் கவிழ்த்தார், அவருடைய 1 நடுவில் நின்றுவிட்டது. பெருமாளிடம் டைமண்ட் கிங், டைமண்ட் குயின். இன்னும் 4 சேர்த்தார். குவியல் 19.

ஃப்ளாப்: கிளாவர் குயின், கிளாவர் 7, டைமண்ட் 2. பெருமாள் செக். மாதேஷ் 12. சென்றாயனுக்கு நான்கு கிளாவர், இன்னும் ஒன்று வந்தால் ஃப்ளஷ், 12 போட்டார். பெருமாளும் 12. குவியல் 55.

டர்ன்: ஸ்பேட் 4. பெருமாள் செக். மாதேஷ் 40 வைத்தார். இப்போது சென்றாயன் யோசிக்க வேண்டிய கணக்கு: 40 கொடுத்தால் நடுவிலுள்ள 95-க்குப் போட்டியிடலாம். 40-ஐ 135-ஆல் (95-ம் அவர் வைக்கும் 40-ம் சேர்ந்தது) வகுத்தால் ஏறக்குறைய 30 சதவீதம். அவ்வளவு வாய்ப்பாவது இருந்தால்தான் கட்டும். அவர் கண்ணில் படாத சீட்டு 46, அதில் கிளாவர் 9. அது 20 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. கவிழ்த்தார், சரியான முடிவு. இதே இடத்தில் மாதேஷ் பயந்து 10 மட்டும் வைத்திருந்தால் 10-ஐ 75-ஆல் வகுக்க 13 சதவீதம்தான் வரும்; சென்றாயன் மகிழ்ச்சியாகத் தொடர்ந்திருப்பார். கை நன்றாக இருக்கும்போது குறைவாக வைப்பது எதிராளிக்கு மலிவு விலையில் சீட்டு விற்பதாகும்.

பெருமாள் 40 போட்டார். குவியல் 135. ரிவர்: ஆர்ட்டின் 9. பெருமாள் செக், மாதேஷ் 50, பெருமாள் 50. மாதேஷ் காட்டினார்: குயின் ஜோடி, துணைக்கு ஏஸ், 9, 7. பெருமாளுக்கும் குயின் ஜோடி, துணைக்கு கிங், 9, 7. ஏஸ் வென்றது, 235 கொட்டையும் மாதேஷுக்கு.

பெருமாள் 108 இழந்தது கடைசி 50-ல் அல்ல, முதல் 4-ல். தனக்கு முன்னால் பேசிய ஒருவர் ஏற்றியிருக்கிறார். அப்படி ஏற்றுகிறவர் கையில் ஏஸ்-கிங், ஏஸ்-குயின் இருப்பது சகஜம். அவற்றுக்கு எதிரே கிங்-குயின் பார்க்க அழகான, ஆனால் மாட்டிவிடுகிற கை. அதற்கு மேல், ஃப்ளாப்பிலிருந்து ரிவர் வரை மூன்று தடவையும் அவர் மாதேஷுக்கு முன்னால் பேச வேண்டியிருந்தது.

விலைக் கணக்கு மனதிலேயே

வரவேண்டிய சீட்டுகளை எண்ணுங்கள். ஒரு சீட்டு மட்டும் பாக்கி என்றால் 2-ஆல், இரண்டும் பாக்கி என்றால் 4-ஆல் பெருக்குங்கள். கிடைப்பது தோராயச் சதவீதம். ஃப்ளஷுக்கு 9 சீட்டு: ஒன்றுக்கு 18, இரண்டுக்கு 36 (உண்மையில் 19.6, 35). இருபுறமும் திறந்த வரிசைக்கு, அதாவது 6-7-8-9 போல, 8 சீட்டு. நடுவில் ஓட்டை உள்ள 6-7-9-10-க்கு 4 சீட்டுதான். ஒரு சீட்டில் 9 சதவீதத்தைக்கூடத் தொடாது. ரம்மியில் நடு ஓட்டைக்குக் காத்திருந்து பழகியவர்கள் அதிகம் இழப்பது இதில்தான்.

4-ஆல் பெருக்கிய எண்ணை நம்பும்போது ஒரு எச்சரிக்கை: டர்னில் இன்னொரு பந்தயம் வந்தால் அதற்கும் விலை கொடுக்க வேண்டும். இரண்டு சீட்டையும் ஒரே விலையில் பார்க்க முடிவது யாராவது முழுசாக வைத்துவிட்ட பிறகுதான்.

எந்தக் கையோடு உள்ளே போவது

இரண்டு சீட்டில் 1,326 சேர்க்கைகள் உண்டு. ஏதோ ஒரு ஜோடி வருவது 17 கைக்கு ஒரு தடவை. ஏஸ் ஜோடி 221 கைக்கு ஒரு தடவை. ஏஸ் ஜோடியே ஆறு பேரும் கடைசிவரை இருந்தால் பாதிக்கும் சற்றுக் குறைவாகத்தான் ஜெயிக்கும். ஒரே எதிராளி என்றால் 85 சதவீதம். நல்ல கைக்கு ஏற்றியே ஆக வேண்டும் என்பது இதனால்தான்: கூட்டத்தைக் குறைக்க வேண்டும்.

ஆறு பேர் மேஜையில் புதியவர் இப்படி ஆரம்பிக்கலாம். முதலில் பேசும் இருக்கையில் 7 ஜோடியும் அதற்கு மேலான ஜோடிகளும், ஏஸ்-கிங், ஏஸ்-குயின், ஒரே இனத்தில் ஏஸ்-ஜாக், கிங்-குயின். மற்றதெல்லாம் கவிழ்க்க வேண்டும். இது சுமார் 15 கைக்கு ஒன்று. சலிப்பாகத்தான் இருக்கும். ரம்மியில் முதல் ஸ்கூட்டுக்கு (ஆடாமல் விலகுவதற்கு) 20 புள்ளி போகும். இங்கே பிளைண்ட் இருக்கையைத் தவிர வேறெங்கும் கவிழ்ப்பது இலவசம். பட்டன் இருக்கையில், முன்னால் எல்லோரும் கவிழ்த்திருந்தால், எந்த ஜோடியும், எந்த ஏஸும், படச்சீட்டு இரண்டும், ஒரே இனத்தில் அடுத்தடுத்த 7-6 போன்றவையும் ஏற்றத் தகுந்தவை. கடைசியில் பேசும் வசதியே பாதி பலம்.

ஏற்றும் அளவு பிக் பிளைண்டின் மூன்று மடங்கு, அதாவது 6. முன்னால் வெறும் 2 வைத்துத் தொடர்ந்தவர் ஒவ்வொருவருக்கும் இன்னொரு 2 கூட்டுங்கள். கை நன்றாக இருந்தால் ஒரு அளவு, சுமாராக இருந்தால் வேறு அளவு என்று வைத்தால் மூன்றாவது சுற்றுக்குள் எல்லோரும் உங்களைப் படித்துவிடுவார்கள்.

சின்ன ஜோடிக்கு ஃப்ளாப்பில் மூன்றாவது வருவது எட்டரைத் தடவைக்கு ஒருமுறை. வரவில்லை, எதிராளி பந்தயம் வைக்கிறார் என்றால் 4 ஜோடியைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள்.

பொய்ப் பந்தயம் பற்றிச் சுருக்கமாக: கவிழ்க்கத் தெரிந்தவரிடம் மட்டும் பொய் சொல்லுங்கள். ‘என்னதான் வெச்சிருக்க பார்ப்போம் மாமா’ என்று எல்லாவற்றுக்கும் கால் பண்ணுகிற மச்சானிடம் பொய் எடுபடாது; அவரிடம் நல்ல கை வரும்வரை காத்திருந்து பெரிதாக வைத்தால் போதும்.

எல்லாவற்றையும் வைத்துவிட்டால்

கையிருப்பு குறைவானவர் இருப்பதை முழுசாக வைத்து (ஆல் இன்) கடைசிவரை இருக்கலாம். கோவிந்தனிடம் 30 மட்டும்; மாதேஷும் லட்சுமியும் ஆளுக்கு 80 வைக்கிறார்கள். மூவரிடமும் 30 எடுத்து 90 முதல் குவியல். மிச்சம் 50-ம் 50-ம் சேர்ந்து 100 பக்கக் குவியல். கோவிந்தனின் கை பெரியதானாலும் அவருக்கு 90-தான். 100 மற்ற இருவரில் பெரியவருக்கு. இரண்டு குவியலையும் அப்போதே ஒரு சாண் தள்ளிப் பிரித்து வையுங்கள். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்றால் அப்புறம் யாருக்கும் கணக்கு ஞாபகம் இருக்காது.

மேஜையில் தகராறு வரும் இடங்கள்

கொட்டையை நேராகக் குவியலுக்குள் எறிவது. யார் எவ்வளவு வைத்தார் என்று தெரியாது. அவரவர் முன்னால் வைத்து, கட்டம் முடிந்ததும் ஒருவர் சேர்க்கட்டும். ‘கால்... சரி, இன்னும் 20’ என்று இரண்டு தவணையில் ஏற்றுவது செல்லாது, முதல் சொல்தான் கணக்கு. தன் முறை வருமுன் கவிழ்ப்பதும் தப்பு: நடுவில் பேச இருப்பவருக்கு அது இலவசத் தகவல். கவிழ்த்தவர் ‘நான் ரெண்டு 7 போட்டேன்’ என்று சொல்லக் கூடாது, ஆட்டம் இன்னும் நடக்கிறது. சீட்டு போடும்போது முதல் சீட்டே மலர்ந்துவிட்டால் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக் குலுக்குங்கள்.

ஆட்டம் இழுத்துக்கொண்டே போனால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிளைண்டை ஏற்றுங்கள்: 1-2, 2-4, 3-6, 5-10, 10-20. ஆறு பேர் ஆட்டம் பெரும்பாலும் இரண்டு மணி நேரத்தில் முடியும். 5-10-க்கு வந்ததும் தனிப் புளியங்கொட்டைகளை மூடியாக மாற்றி ஓரமாக எடுத்துவிடலாம்.

ஓமாஹா

ஹோல்டெம் கைவந்தவர்கள் அடுத்து ஆடுவது இது. கையில் நான்கு சீட்டு. அதில் சரியாக இரண்டு, நடுவிலிருந்து சரியாக மூன்று எடுத்தாக வேண்டும். கையில் ஒரே ஒரு ஆர்ட்டின் ஏஸ், நடுவில் நான்கு ஆர்ட்டின் என்றால் ஹோல்டெமில் அது ஃப்ளஷ், ஓமாஹாவில் ஒன்றுமில்லை. கையில் மூன்று 8 வந்தால் சந்தோஷப்பட வேண்டாம், இரண்டைத்தான் பயன்படுத்த முடியும், மூன்றாவது 8 நடுவில் வரவேண்டிய சீட்டைத்தான் குறைக்கிறது. பந்தயம் வழக்கமாகக் குவியல் அளவுக்கு மேல் போகக் கூடாது. ஒற்றை ஜோடி இங்கே அரிதாகத்தான் ஜெயிக்கும். நடுவில் ஒரே எண் இரண்டு வந்துவிட்டால் யாரிடமோ ஃபுல் ஹவுஸ் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே ஆடுங்கள்.